மூன்று விடைகளுக்குள் அடங்காத முடிவு

வளரும் நாடுகள் பலவற்றில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று நடத்தப்படும் மக்கள்தொகை, உடல்நலக் கணக்கெடுப்பின் வினாத்தாளில், கருத்தடை முறை ஒன்றைப் பயன்படுத்தும் மணமான பெண்களிடம் கேட்பதற்கென்று ஒரு கேள்வி உண்டு. இதைப் பயன்படுத்துவது பெரும்பாலும் உங்கள் முடிவா, உங்கள் கணவரின் முடிவா, இருவரும் சேர்ந்து எடுத்த முடிவா என்பதே அந்தக் கேள்வி. அதை முதன்முதலாகப் படித்த அன்று, என்னையே அந்தப் பெண்ணின் இடத்தில் வைத்து விடை சொல்லிப் பார்த்தேன். மூன்றில் எதையும் முழு மனத்துடன் சொல்ல முடியவில்லை.

என் முதல் குழந்தைக்கு ஏழு மாதமானபோது, ஒரு செவிலியர் எனக்குக் கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி பற்றிப் படம் காட்டிப் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்ன எதிலும் பிழையில்லை. எனக்கு அனைத்தும் புரிந்தது. ஆனாலும் தலையாட்டிவிட்டு வீடு திரும்பினேனே தவிர, அடுத்த மூன்று மாதங்களுக்கு அந்தப் பக்கம் போகவில்லை. அது மெல்ல மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்று என் மாமியார் யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொன்ன கதை, செவிலியர் காட்டிய படத்தைவிட என் மனத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. பிறகு ஒருநாள் பெரியம்மா மகள், துணி மடித்துக்கொண்டே, தான் நான்கு ஆண்டுகளாக அதைத்தான் வைத்திருப்பதாகச் சொன்னாள். முதல் இரண்டு மாதம் உதிரப்போக்கு எவ்வளவு கூடியது, வயிற்றுவலி எந்த நாட்களில் வந்தது, எப்போது நின்றது என்று எதையும் மறைக்காமல் விவரித்தாள். அடுத்த வாரமே நான் போனேன். கணவரிடம் சொன்னபோது அவர் “உனக்குச் சரியென்றால் சரி” என்றார். அப்படியானால் முடிவு செய்தது யார்?

அந்த நெஞ்சுக்குப் போகும் கதை எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியது என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நடந்த ஆய்வுகளை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான், ஒருவரையொருவர் ஒருபோதும் பார்த்திராத பெண்கள், ஒரே அச்சத்தை ஏறத்தாழ ஒரே சொற்களில் பல மொழிகளில் சொல்லிவருகிறார்கள் என்பது தெரிந்தது. உண்மையில், பொருத்தும்போது கருப்பைச் சுவரைத் துளைத்துவிடுவது ஆயிரத்தில் ஒருவருக்கு நேரக்கூடும். அப்போதும் அது வயிற்றறைக்குள் போகுமே ஒழிய இதயத்துக்குப் போக வழியில்லை. இதைச் சொல்லிவிட்டால் அச்சம் தீர்ந்துவிடும் என்று நம்பும் மருத்துவப் பணியாளர்கள் பலர். எனக்கும் அது சொல்லப்பட்டது. என் அச்சம் தீரவில்லை.

கருத்தரிப்பைத் தவிர்க்க விரும்பியும் பாதுகாப்பான நவீன முறை எதையும் பயன்படுத்தாத பெண்கள் உலகில் 25.7 கோடிப் பேர் என்று ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. இப்படி ஓர் எண்ணைப் பார்த்ததும், மாத்திரைகளும் ஊசிகளும் போய்ச் சேரவில்லை, போய்ச் சேர்த்துவிட்டால் போதும் என்ற எண்ணம் இயல்பாகவே எழும். ஐம்பதுக்கும் மேற்பட்ட வளரும் நாடுகளின் கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு பகுப்பாய்வு வேறு விதமாகச் சொல்கிறது. ஏன் பயன்படுத்தவில்லை என்று மணமான பெண்களைக் கேட்டபோது, பக்கவிளைவு குறித்த அச்சத்தைச் சொன்னவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. தங்களுக்கோ தங்களுக்கு நெருங்கியவர்களுக்கோ அதில் உடன்பாடில்லை என்றவர்களும் ஏறத்தாழ அதே அளவு. கிடைக்கவில்லை என்றோ, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றோ சொன்னவர்கள் மிகச் சிலர். எட்டாத தொலைவில் மருத்துவ நிலையம் இருக்கும் ஊர்கள் இன்னும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இந்தக் காரணங்களில் பெரும்பகுதி, ஒரு பெண்ணைச் சுற்றியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள், என்ன சொல்லிவிடுவார்கள் என்பதிலிருந்துதான் பிறக்கிறது.

கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரியை ஒட்டிய தெற்கு நியான்சாவில் 1990களில் லுவோ மக்களிடையே சமூகவியலாளர் சூசன் வாட்கின்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் நடத்திய ஆய்வுகளைப் படித்தபோது, என் பெரியம்மா மகளை அதில் கண்டுகொண்டேன். அங்கே பெண்கள் மருத்துவ நிலையத்தில் கேட்டவற்றை வெளியே எடுத்துவந்து, தண்ணீர் எடுக்கும் இடத்திலும் சந்தைக்குப் போகும் வழியிலும் ஆற அமரப் பேசினார்கள். செவிலியர் எல்லோருக்கும் ஒரே விதமாகச் சொன்னதை, தனக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, தன்னைப் போன்ற உடல்வாகும் தன்னைப் போன்ற வாழ்க்கையும் உடைய ஒருத்தியைத் தேடினார்கள். ஒல்லியான பெண்ணுக்கு ஒல்லியான பெண்ணின் அனுபவம் வேண்டியிருந்தது. இதை அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. தன் உடலுக்குள் வைக்கப்படும் ஒன்றைப் பற்றி, அதை வைத்திருக்கும் இன்னொருத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அறிவார்ந்த செயல் வேறென்ன இருக்க முடியும்?

அதே வட்டாரத்துப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பின்பற்றிய ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஒரு பெண் நம்பிப் பேசுகிறவர்களில் ஒரே ஒருத்தியாவது கருத்தடை முறையைப் பயன்படுத்துகிறாள் என்று அவள் அறிந்திருந்தால், அந்த ஒருத்தியால் விளையும் மாற்றமே பெரியது. எவருமே இல்லாத நிலைக்கும் ஒருத்தி இருக்கும் நிலைக்கும் இடையில்தான் பெரிய தாண்டல் நிகழ்கிறது.

ஆனால் பேச்சு எப்போதும் விடுவிப்பதில்லை. அதே ஆய்வாளர்கள், அண்டை வட்டாரங்களையே ஒப்பிட்டு, பேச்சு இரண்டு விதமாக வேலை செய்வதைப் பிரித்துக் காட்டினார்கள். சந்தை வளர்ந்து, பலதரப்பட்ட மனிதர்கள் வந்துபோகும் இடத்தில், பெண்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் செய்தியையும் அனுபவத்தையும் கற்றார்கள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த நெருக்கமான ஊர்களிலோ, பேச்சு கற்பிப்பதைவிடக் கட்டுப்படுத்துவதையே அதிகம் செய்தது. ஒருத்தி என்ன செய்கிறாள் என்பது மறுநாளே பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும் இடத்தில், பிறர் செய்யாத ஒன்றை முதலில் செய்வதற்கு மிகுந்த துணிவு வேண்டும்.

தென்கொரியாவில் 1968 முதல் ஊர்தோறும் தாய்மார் சங்கங்கள் அமைக்கப்பட்டன. குடும்பக் கட்டுப்பாட்டுக்காகத் தொடங்கப்பட்ட அந்தச் சங்கங்களில் பெண்கள் கூடிச் சேமித்தார்கள், கடன் கொடுத்துக்கொண்டார்கள், பேசினார்கள். 1973இல் அங்குள்ள 24 ஊர்களில் எவரெட் ரோஜர்ஸும் லாரன்ஸ் கின்கெய்டும் ஆய்வு செய்தபோது, ஊருக்கு ஊர் வேறு முறை வேரூன்றியிருந்ததைக் கண்டார்கள்: ஓர் ஊரில் மாத்திரை, இன்னோர் ஊரில் கருப்பைக்குள் வைக்கும் லூப். தாய்லாந்தின் நாங் ரோங் மாவட்டத்தில் 51 ஊர்களில் பின்னர் நடந்த ஆய்விலும் இதுவே தெரியவந்தது. அரசின் திட்டம் எல்லா ஊர்களுக்கும் ஒன்றுதான். முதலில் எடுத்துக்கொண்ட சில பெண்களின் தெரிவு, பேச்சின் வழியே ஊரின் தெரிவாயிற்று. இதில் எனக்கு மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே உண்டு. துணிந்து தொடங்கிய ஒருத்தியால் நூறு பேருக்கு வழி திறந்தது மகிழ்ச்சி. அந்த முறை தனக்கு ஒத்துவராத நூற்றியோராவது பெண்ணுக்கு, ‘எங்கள் ஊரில் எல்லோரும் இதைத்தான் எடுக்கிறோம்’ என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது கவலை.

வதந்தி என்று நாம் ஒதுக்கித் தள்ளுவனவற்றையும் சற்று நின்று கவனிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் கருத்தடை ஊசியால் மலட்டுத்தன்மை வரும் என்ற அச்சம் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பரவலாக இருக்கிறது. அது மலடாக்குவதில்லை. ஆனால் ஊசியை நிறுத்திய பிறகு மீண்டும் கருத்தரிக்கச் சராசரியாக ஒன்பது, பத்து மாதங்கள் ஆகலாம் என்பது மருத்துவ உண்மை. குழந்தை இல்லாத பெண்ணைக் கணவன் விலக்கிவைப்பதோ இன்னொருத்தியை மணப்பதோ எளிதாக நடக்கும் சமூகத்தில், அந்தப் பத்து மாதக் காத்திருப்பு ஒருத்தியின் வாழ்க்கையையே குலைத்துவிடக்கூடும். அதை அருகிலிருந்து பார்த்த அண்டைவீட்டுப் பெண், ஊசி மலடாக்கும் என்று சொன்னால், அவள் பொய் சொல்கிறாள் என்று எப்படிக் கூறுவது? புதிதாக மணமானவர்கள் முதல் குழந்தைக்கு முன் எந்த முறையையும் தொடத் தயங்குவதற்கும் இதுவே காரணம். தன்னால் தாயாக முடியும் என்று புகுந்த வீட்டுக்குக் காட்டியாக வேண்டிய கட்டாயம் அவர்கள் தலைமேல் இருக்கிறது. மாதவிடாய் தாறுமாறாவதும், முற்றிலும் நின்றுபோவதும் இப்படித்தான். மருத்துவர் அதைத் தீங்கற்ற பக்கவிளைவு என்பார். உதிரம் வெளியேறாமல் உள்ளே தேங்கி நோயாகும் என்று நம்பும் பெண்ணுக்கும், உதிரப்போக்கு உள்ள நாட்களில் தொழுகைக்கு நிற்க முடியாத பெண்ணுக்கும் அது ஒவ்வொரு நாளின் துன்பம்.

கணவர்களைப் பற்றி எழுதுவது எளிதன்று. ஆண்கள்தான் தடை என்று ஒற்றை வரியில் முடித்துவிடலாம். அதற்கு ஆதாரங்களும் இல்லாமல் இல்லை. கானாவின் வடக்கே கசேனா, நங்கானா மக்களிடையே மணமகன் வீட்டார் கால்நடைகளைக் கொடுத்துப் பெண்ணை மணமுடிக்கிறார்கள். அந்தக் கொடையினால் அவள் பெறப்போகும் பிள்ளைகள் மீது கணவனின் குலத்துக்கு உரிமை உண்டாகிறது என்பது அவர்களின் கருத்து. அங்குள்ள நவ்ரோங்கோ ஆய்வு மையம் 1990களில் நடத்திய ஆய்வில், கருத்தடை முறையைப் பயன்படுத்துவது தெரிந்தால் அடி விழும், துரத்திவிடுவார்கள் என்று பெண்கள் அஞ்சினார்கள். தங்கள் மனைவியர் பிறரை நாடிவிடுவார்கள், வீட்டில் தங்கள் சொல் செல்லாமல் போய்விடும் என்று ஆண்கள் அஞ்சினார்கள். இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கருத்தடை என்பது பெண்களின் காரியம், அதைப் பற்றி ஆண் கவலைப்பட வேண்டியதில்லை என்ற கூற்றை ஆண்களில் 35 விழுக்காட்டினர் ஏற்றார்கள். அதே கணக்கெடுப்பில், மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 விழுக்காடு. பெண்ணின் அறுவையைவிட ஆணின் அறுவை எளிதானது, பாதுகாப்பானது என்பதை நினைக்கும்போது இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதவே எனக்கு மனம் கனக்கிறது. நெருக்கடி நிலையின்போது 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் இந்தியாவில் செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்கு, பல இடங்களில் வற்புறுத்தலின்பேரில். அந்த அச்சம் ஆண்களை அம்முறையிலிருந்து விலக்கியது. சுமை முழுவதும் பெண்கள் மேல் இறங்கியது. ஓர் அரசு செய்த வன்முறையும் தலைமுறைகள் கடந்து பேச்சின் வழியேதான் பயணம் செய்கிறது.

ஆயினும், கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்டு ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் திரும்பத் திரும்பக் காணப்படுவது இது: அவர் ஒப்பமாட்டார் என்று மனைவி சொன்ன வீடுகள் பலவற்றில், கணவர் தனக்கு மறுப்பில்லை என்றே சொல்லியிருக்கிறார். அவர்கள் அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. பேசாத கணவனின் மௌனத்தை மறுப்பு என்று அவள் வாசிக்கிறாள். அப்படி வாசிக்க அவளுக்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தவறாகக் கணித்தால் அடி வாங்கப்போவது அவள்தான்.

ஆகவே கணவனுக்குத் தெரியாமல் ஊசி போட்டுக்கொள்ளும் பெண்கள் எங்கும் இருக்கிறார்கள். சாம்பியாவின் தலைநகரான லுசாகாவில் நவா அஷ்ரஃப், எரிகா ஃபீல்ட், ஜீன் லீ ஆகியோர் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வை நான் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். ஊசியும், தோலுக்கடியில் வைக்கும் குச்சியும் தட்டுப்பாடின்றிப் பெறுவதற்கான சீட்டைச் சில பெண்களுக்குத் தனியாகவும் சிலருக்குக் கணவர் முன்னிலையிலும் கொடுத்தார்கள். கணவரோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களில் அந்தச் சேவையை நாடியவர்கள் 19 விழுக்காடு குறைவு. மறைத்துவைக்கக்கூடிய முறையைப் பயன்படுத்தியவர்கள் 25 விழுக்காடு குறைவு. குழந்தை பெற்றவர்கள் 27 விழுக்காடு அதிகம். இதோடு நிறுத்திக்கொண்டால், பெண்ணைத் தனியே சந்தியுங்கள், கணவனை வெளியே நிறுத்துங்கள் என்ற முடிவுக்கு வந்துவிடலாம்; நானும் முதலில் அப்படித்தான் வந்தேன். ஆனால் சீட்டைத் தனியாகப் பெற்ற பெண்கள், தங்கள் மனநிறைவு குறைந்திருப்பதாகவும் பின்னர் தெரிவித்திருக்கிறார்கள். வேண்டாத கருவைத் தவிர்த்த அவர்கள், அதற்காக ஒரே வீட்டில் ஒரு மறைவைச் சுமந்து வாழ வேண்டியிருந்தது. சாம்பியாவிலேயே பின்னர் நடந்த மற்றொரு ஆய்வில், மகப்பேற்றில் பெண்ணுக்கு உள்ள ஆபத்துகளைக் கணவர்களிடமே நேரடியாக விளக்கியபோது கருத்தரிப்புகள் குறைந்தன. மனைவியிடம் விளக்கியபோது அந்தச் செய்தி கணவனிடம் போய்ச் சேரவில்லை. கணவனிடம் விளக்கியதோ மனைவியிடமும் சேர்ந்தது. ஒரே வீட்டுக்குள் சொற்கள் ஒரு திசையில் மட்டும் பயணம் செய்கின்றன என்பது, எனக்கு எந்தக் கருத்தடை எண்ணிக்கையையும்விடப் பெரிய செய்தியாகப்படுகிறது.

மாமியார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு உவப்பானதன்று. அவர்களும் ஒரு காலத்தில் யாருடைய அனுமதிக்கோ காத்திருந்தவர்கள்தாம். ஆனால் 2018இல் உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் இளம் மணமான பெண்களிடையே எடுக்கப்பட்ட தரவுகள் காட்டுவதை மறைக்க முடியாது. மாமியாருடன் ஒரே வீட்டில் வாழும் பெண்களுக்கு, குழந்தைப்பேறு போன்ற அந்தரங்கச் செய்திகளைப் பேசுவதற்கு வீட்டுக்கு வெளியே நெருங்கியவர்கள் குறைவாக இருந்தார்கள். தனியே வெளியில் போகக் கூடாது என்ற தடை, மருத்துவ நிலையத்துக்குப் போவதை மட்டும் தடுப்பதில்லை. அங்கே போய்வந்த இன்னொருத்தியைச் சந்திப்பதையும் தடுத்துவிடுகிறது. பின்னர் அதே ஆய்வாளர்கள், மருத்துவ நிலையத்துக்குத் தோழிகளையும் அழைத்துவரலாம் என்று சலுகைச் சீட்டு கொடுத்துப் பார்த்தபோது, பெண்கள் அங்கே போவது கூடியது. மாமியாரின் எதிர்ப்பை எதிர்கொண்டிருந்த பெண்களுக்கு அது குறிப்பாக உதவியது.

மருத்துவப் பணியாளர்களும் இந்தச் சமூகத்திலிருந்து வந்தவர்களே. டான்சானியாவில் 1990களில் நடந்த ஓர் ஆய்வில், சேவை வழங்குபவர்களில் கணிசமானோர் வயது, பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை, மணமானவரா இல்லையா என்பவற்றைப் பார்த்து, மருத்துவக் காரணம் எதுவுமின்றி மறுத்தது தெரியவந்தது. மணமாகாத பெண் ஒருத்தி அந்த வாசற்படியேறி, தன் தாயின் தோழியாகவும் இருக்கக்கூடிய செவிலியரிடம் ஆணுறையோ மாத்திரையோ கேட்பது எவ்வளவு கடினம் என்பதை விவரிக்கத் தேவையில்லை. மதம் பற்றி நீளமாகப் பேசப்படுகிறது. என் பார்வையில் அது பலரும் நினைப்பதைவிட நெகிழ்வானது. ஈரானில் சமயத் தலைவர்களின் ஒப்புதலோடு 1989இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டபின், ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஐந்துக்கும் மேலிருந்து ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தது.

வங்கதேசத்தின் மத்லப் வட்டாரத்தில் நடந்ததை என்னால் மறக்க முடிவதில்லை. 1975இல் அங்கே கருத்தடை மாத்திரைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாத, வயது முதிர்ந்த விதவைப் பெண்கள். தொடக்கத்தில் பலர் வாங்கினார்கள்; விரைவிலேயே பாதிப்பேருக்கு மேல் விட்டுவிட்டார்கள். 1977இல் அணுகுமுறையை மாற்றி, அந்தந்த ஊரிலேயே வாழும், படித்த, மணமான, தாமே ஏதேனும் ஒரு முறையைப் பயன்படுத்தும் இளம்பெண்களைப் பணியமர்த்தினார்கள். மாத்திரையோடு ஊசியும் வந்தது. பக்கவிளைவு என்று சொன்னால் உட்கார்ந்து கேட்க ஒருத்தி பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை வாசலுக்கு வந்தாள். இம்முறை பயன்பாடு உயர்ந்தது, உயர்ந்த நிலையிலேயே நிலைத்தது. அந்த அனுபவம் நாடெங்கும் விரிந்தது. 1975இல் மணமான பெண்களில் 8 விழுக்காட்டினரே ஏதேனும் ஒரு முறையைப் பயன்படுத்திய நாட்டில், 2014இல் அது 62 விழுக்காடு. வாசலுக்கு வந்தவளின் கையில் மருந்துப்பெட்டி இருந்தது உண்மை. அவளுடைய உடலும் அதே மருந்தை அறிந்திருந்தது என்பதுதான், படியிறங்கி வெளியே போக முடியாத பெண்களுக்கு அவளை நம்பத்தக்கவளாக்கியது என்று நான் நினைக்கிறேன்.

நவ்ரோங்கோவில் அடிபடும் அச்சத்தோடு வாழ்ந்த அந்தப் பெண்களுக்காகப் பின்னர் செய்யப்பட்டதையும் சொல்ல வேண்டும். செவிலியர்களை ஊருக்குள் குடியமர்த்தினார்கள். அதனோடு, ஊர்த் தலைவர்களையும் ஆண்களையும் கூட்டங்களுக்கு அழைத்து, குலத்தின் வழக்கப்படியே மேளம் முழங்க, இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசவைத்தார்கள். இரண்டும் சேர்ந்து நடந்த பகுதியில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி ஏறத்தாழ ஒன்று குறைந்தது. மனைவியர் அதுவரை ஒளித்துப் பேசியதை, அந்தக் கூட்டங்களில் கணவர்கள் முதன்முறையாக மற்ற ஆண்களின் வாயால் கேட்டார்கள்.

அந்த வினாத்தாளுக்கு நான் விடை சொல்வதாக இருந்தால், ‘இருவரும் சேர்ந்து’ என்ற இடத்தில்தான் குறியிட வேண்டியிருக்கும், வேறு இடமில்லை. சென்ற ஆண்டு என் தம்பி மனைவி, பிரசவம் முடிந்த மூன்றாம் மாதத்தில் என்னிடம் வந்து, “அண்ணி, அது நெஞ்சுக்குப் போய்விடும் என்கிறார்களே” என்று மெதுவாகக் கேட்டாள். நான் படித்த ஆய்வுகள் எதையும் அவளிடம் சொல்லவில்லை. முதல் இரண்டு மாதம் எனக்கு எவ்வளவு உதிரம் போயிற்று, வலி எந்த நாட்களில் வந்தது, எப்போது நின்றது என்று சொன்னேன். அவள் ஒல்லி, நான் அப்படியில்லை என்பதால், பெரியம்மா மகளின் எண்ணையும் கொடுத்தேன்.